ஊசியில் சுற்றிய நூல்

மெத்தைக் கடையில் ஊசிக்கென்று ஒரு சட்டம் இருந்தது. முழங்கை நீளத்துக்கு இருக்கும் மெத்தை ஊசியை யாரும் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. தைக்கிற கை நின்றால், ஊசியை மெத்தையிலேயே குத்தி, மிச்ச நூலை அதன் மேல் சுற்றி வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனாலும் சரி, தலை போகிற அவசரமானாலும் சரி. பஞ்சுக்குள் ஒரு ஊசி விழுந்தால் தேடி எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். எடுக்காமல் விட்டாலோ, மெத்தை வாங்கினவர் முதுகில்தான் அது போய் முடியும்.

சட்டத்தைப் போட்டவர் மெத்தைக்காரர். போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார், மாத்திரையும் தன் பங்குக்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் வருஷத்தில் சில தடவை அது மாத்திரைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வந்து நிற்கும். வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் மூக்குக்கு மட்டும் ரப்பர் கருகுகிற வாடை அடிக்கும். உடனே ஊசியைக் குத்துவார், நூலைச் சுற்றுவார், கீழே கொட்டிக் கிடக்கும் பஞ்சில் போய்ச் சாய்ந்துகொள்வார். அதற்குப் பிறகு நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. "மத்தவங்க தரையில விழுறாங்க, நான் மெத்தையில விழுறேன். யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் இது கைவந்த வேலை. ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். சட்டைப் பொத்தானைக் கழற்றுவார்கள். வாயில் எதையும் திணிக்க மாட்டார்கள். உதறல் அடங்கியதும் அவர் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். அந்தத் தூக்கத்தைக் கலைக்கவே கூடாது என்பது மெத்தைக்காரரின் மனைவி வைத்த சட்டம். தானாக விழிக்கும்போது, கண் திறப்பதற்கு முன்பே அவருடைய வலது கை பக்கத்தில் துழாவும். "ஊசி எங்கே?" என்பார். அதுதான் முதல் பேச்சு. "குத்திதான் வெச்சிருக்கீங்க, எழுந்து மூஞ்சியைக் கழுவுங்க" என்பாள் மனைவி. டீ வரும். அன்றைய கதை அத்தோடு முடிந்தது.

இரண்டு பேர் என்றேனே, அதில் ஒருவன் நோண்டி. மெத்தைக்காரரின் மைத்துனன், மனைவிக்குத் தம்பி. அவனுக்கு இந்தப் பெயரை வைத்ததே அவனுடைய அக்காதான். சின்ன வயதில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை ஏன் ஓடுகிறது என்று பார்ப்பதற்காகப் பிரித்துப் போட்டான், அது பிறகு ஓடவே இல்லை. வளர்ந்து ஆளாகி, மீசையில் ஒரு நரையும் வந்துவிட்டது. புத்தி மட்டும் அப்படியேதான் இருந்தது. ஒரு கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விட மாட்டான், எந்த இடத்தில் கிறீச்சிடுகிறது என்று முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். அக்கா வீட்டோடு இருந்துகொண்டு பஞ்சு அடிக்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டான்.

தரையில் குத்துக்காலிட்டுத் தைத்துத் தைத்து மெத்தைக்காரருக்கு இடுப்பு போய்விட்டது. அதைப் பார்த்துப் பொறுக்காமல், பழைய கதவுகள் இரண்டை அறுத்து நோண்டி ஒரு மேசை செய்தான். மெத்தையை அதன் மேல் விரித்து நின்றபடியே தைக்கலாம். அக்காவுக்கு அது ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை.

"தரையில உக்காந்திருக்கற மனுஷன் சாஞ்சா பஞ்சுல சாய்வாரு. நின்னுக்கிட்டிருக்கறவரு சாஞ்சா என்னடா ஆகும்?"

"சுத்தி பஞ்சுதானேக்கா கிடக்கு. அதுவுமில்லாம வாடை வந்ததும் அவரே போய் படுத்துக்கப் போறாரு."

"வாடை வரலைன்னா?"

"இத்தனை வருஷத்துல வராம இருந்திருக்கா?"

"மேசைக்கு முனை இருக்குடா."

"முனையை இழைச்சு உருட்டிடறேன், போதுமா?"

உருட்டவும் செய்தான். மெத்தைக்காரர் மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "விடும்மா, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றதும் அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் பூராவும் மழை. பஞ்சு ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாகிவிட்டது. டீச்சரம்மா ஒருத்தி கேட்டிருந்த மெத்தையை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால் நோண்டி காலையிலிருந்து மெஷினை நிறுத்தவில்லை. அது ஓடினால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் காதில் விழாது. அக்கா கடைக்குப் பின்பக்கமிருந்த வீட்டில் சூப்புக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மெத்தைக்காரர் மேசையருகில் நின்று தைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஈரக் கட்டி சிக்கி மெஷின் திணறியதால் நோண்டி அதை நிறுத்தினான். சத்தம் அடங்கியதும் தரையில் குதிகால் அடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால், அத்தான் மேசைக்குப் பக்கத்தில் பஞ்சில் கிடந்து உதறிக்கொண்டிருந்தார். எப்போது ஆரம்பித்தது, எப்படிக் கீழே வந்தார், ஒன்றும் தெரியாது. அக்காவைக் கூப்பிட்டான். இரண்டு பேருமாக ஒருக்களித்துப் பிடித்தார்கள். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டு அடங்கியது. அவர் தூங்கிப் போனார்.

அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பஞ்சில் கிடந்தவரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, என்னம்மா இது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

"வழக்கமா வர்றதுதான் டீச்சர்" என்றாள் அக்கா. "ஒவ்வொரு தடவையும் ஓடினா நாங்க ஆஸ்பத்திரியிலேயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான். தூங்கி எழுந்தா சரியாப் போயிடும். உங்க மெத்தை நாளைக்குத்தான் கிடைக்கும், தப்பா நினைச்சுக்காதீங்க."

டீச்சரம்மா அரை மனசோடு போனாள். அவள் போனதும் அக்கா சிரித்தாள். "பாவம், பயந்துட்டாங்க" என்றாள். நோண்டியும் சிரித்தான். புதிதாகப் பார்ப்பவர்களுக்குத்தான் இது பயம், நமக்கென்ன என்கிற சிரிப்பு. அன்றைக்கு அந்த வீட்டில் செய்த தப்பு இந்தச் சிரிப்புதான். வலிப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருத்தி சரியான பேச்சைப் பேசிவிட்டுப் போனாள். எல்லாம் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்து ரொட்டியைச் சூப்பில் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்து நோண்டி அத்தானின் பக்கத்தில் உட்கார்ந்தான். குறட்டை வேறு மாதிரி இருந்தது. இழுத்து, நின்று, பிறகு ஊதிக்கொண்டு வெளியே வந்தது.

"அக்கா, குறட்டை புதுசா இருக்கு."

"தூங்கற மனுஷனைப் போய் நோண்டாதே. எழுந்திரிச்சு வா."

அவன் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மெத்தைக்காரருடைய கை துழாவ ஆரம்பித்தது. அப்பாடா என்று அக்கா டீ வைக்கத் திரும்பினாள். நோண்டிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. என்ன என்று புரியச் சற்று நேரமானது. துழாவியது இடது கை. ஊசி பிடிக்கிற வலது கை பஞ்சில் கிடந்தபடி கிடந்தது. "ஊ" என்று ஆரம்பித்த வார்த்தை குழைந்து எச்சிலோடு வழிந்தது. பிறகு வாந்தி எடுத்தார்.

"வலது கை வரலைக்கா."

"அது மேலயே படுத்திருந்தாரே, மரத்துப் போயிருக்கும்."

நோண்டி அந்தக் கையைக் கிள்ளினான். ஊசி பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள் அசையவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினான். அக்கா அதைப் பார்த்தாள், அவள் கையிலிருந்த டீப் பாத்திரம் கீழே விழுந்தது.

பக்கத்து பேக்கரிக்காரரின் வேனில் ரொட்டித் தட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணினார்கள். கடையைச் சாத்தக்கூட நேரமில்லை. "நான் பாத்துக்கறேன், போங்க" என்று பேக்கரிக்காரர் வாசலில் நின்றார்.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மெலிந்த உடம்போடு, தூக்கம் போதாத கண்ணோடு ஒரு டாக்டரம்மா வெளியே வந்தாள்.

"மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. எங்கே விழுந்தார்?"

"பஞ்சுல" என்றாள் அக்கா.

"பஞ்சுலயா?"

"மெத்தைக் கடைங்க. எப்பவுமே பஞ்சுலதான் விழுவார்."

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியாக நோண்டி பார்த்தான். பேன் பார்ப்பதுபோல அத்தானின் தலைமுடியை விலக்கி விலக்கித் தடவிக்கொண்டிருந்தாள். வந்து, "ஒரு வீக்கம்கூட இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"மேசை முனையில இடிச்சாராடா?"

"தெரியலைக்கா. மெஷின் ஓடிட்டிருந்துச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன்."

"எதைக் கேட்டாலும் வாய் நிறைய பதில் சொல்லுவே. இதுக்கு மட்டும் தெரியலையா?"

"நிஜமாவே தெரியலை."

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தான். அத்தான் பிழைக்க வேண்டும், அது ஒன்று. அவரை இப்படிச் சாய்த்தது நம் கையால் செய்த மேசையாக இருந்துவிடக் கூடாது, அது இன்னொன்று. இரண்டில் எதை முதலில் வேண்டுவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. "வீட்டுக்குப் போனதும் அதை உடைச்சு அடுப்புல வெச்சுடறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அக்கா அவனைச் சாப்பிடச் சொன்னாள், அவன் சாப்பிடவில்லை. பெஞ்சு விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

இருட்டுவதற்கு முன்னால் கடையைச் சாத்தவும் போர்வை எடுத்து வரவும் அக்கா போய்விட்டு வந்தாள். "எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு" என்றாள். "நீயும் ஒரு தடவை போய் பாத்துட்டு வா. பாக்காம உனக்குத் தூக்கம் வராது."

மறுநாள் காலை டாக்டரம்மா அவர்களைக் கூப்பிட்டு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். நோண்டி படத்துக்கு மூக்கு முட்டுகிற தூரத்தில் போய் நின்றான்.

"தலையில அடிபட்டா பெரும்பாலும் ரத்தம் இப்படி ஓரத்துல, மண்டை ஓட்டை ஒட்டி நிக்கும். இவருக்குப் பாருங்க, நட்டநடுவுல, ஆழத்துல இருக்கு. வெளியே காயமும் இல்லை. அதனால இது விழுந்ததால வந்ததுன்னு எனக்குத் தோணலை."

"அப்புறம் எதனால வந்துச்சு?"

"வலிப்பாலயே வந்திருக்கலாம். வலிப்பு வர்றப்ப உடம்பு பூரா முறுக்கும். ரத்த அழுத்தம் ஒரே தூக்கா தூக்கும். முக்கால்வாசிப் பேருக்கு அதனால ஒண்ணும் ஆகறதில்லை, வலிப்பு நின்னதும் இறங்கிடும். ரொம்ப ரொம்ப அபூர்வமா, உள்ளே இருக்கற மெல்லிசான ரத்தக் குழாய் ஒண்ணு அந்த வேகத்தைத் தாங்காம விட்டுடும்."

"இத்தனை வருஷம் தாங்கினது இப்ப ஏன் விட்டுச்சு?"

"இந்தத் தடவை நேரம் கூடவா இருந்துச்சுன்னு சொன்னீங்க இல்லையா, அதுவா இருக்கலாம். குழாய் கொஞ்சம் கொஞ்சமா நைஞ்சு போயிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

நோண்டி விடவில்லை. "ஒருவேளை ரத்தம் முதல்ல கசிஞ்சு, அதனால வலிப்பு வந்திருந்தா?"

டாக்டரம்மா களைப்பை மறந்து அவனைப் பார்த்தாள். "காலையில நாங்களும் அதைத்தான் பேசிட்டிருந்தோம். பொதுவா அப்படித்தான் நடக்கும். ஆனா இவருக்கு வலிப்பு பழசு. வழக்கமா ஒரு வாடை வரும்னு சொன்னீங்களே, இந்தத் தடவையும் அது வந்துச்சுன்னா, அவரோட பழைய வலிப்புதான் முதல்ல வந்துச்சுன்னு ஓரளவு நம்பலாம். பேச்சு வந்ததும் கேட்டுப் பாருங்க."

"மேசையில இடிக்கவே இல்லைன்னு சத்தியமாச் சொல்லலாமா?"

"சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன்" என்று டாக்டரம்மா லேசாகச் சிரித்தாள். "நான் பக்கத்துல நிக்கலையே."

அக்காவை வார்டுக்கு அனுப்பிவிட்டு நோண்டி மட்டும் பின்தங்கினான். இரவெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டான். "தூங்கட்டும்னு விட்டுட்டோம். உடனே கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டாள். "சீக்கிரம் வந்தா எப்பவும் நல்லதுதான். அழுத்தத்தை அப்பவே இறக்கியிருக்கலாம். கைக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காதோ என்னவோ. இனிமே தூக்கம் வேற மாதிரி இருந்தா காத்திருக்காதீங்க."

வார்டு வாசலில் அக்கா நின்றாள். ஒரே இரவில் கன்னம் ஒட்டியிருந்தது. "தூங்க விட்டதைத்தானே கேட்டே? என்ன சொன்னாங்க?" என்றாள்.

"அதனால ஒண்ணும் வித்தியாசம் இல்லையாம்" என்றான் நோண்டி. "அப்பவே வந்திருந்தாலும் இதேதானாம்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் பொய் சொல்லி யாரும் அதுவரை அழுததில்லை, அவனுக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

அன்று மத்தியானம் கடைக்குப் போனான். பஞ்சுத் தூசி எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. மேசை முனையை உற்றுப் பார்த்தான், தடவிப் பார்த்தான், முகர்ந்துகூடப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. அப்போதுதான் மெத்தையைப் பார்த்தான். பாதி தைத்த இடத்தில் ஊசி நேராகக் குத்தி நின்றது, மிச்ச நூல் அதன் மேல் பதமாகச் சுற்றியிருந்தது. அப்படியே பஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஊசியைக் குத்தி நூலைச் சுற்ற அவருக்கு நேரம் இருந்திருக்கிறது என்றால், வாடை வந்து தானாகத்தான் போய்ப் படுத்திருக்கிறார். விழவில்லை. மேசை அவரைத் தொடவே இல்லை. அவன் வாய்விட்டு அழுதான், பிறகு பசித்தது. பேக்கரியில் ஒரு முழு ரொட்டியை நின்றபடியே தின்று தீர்த்தான்.

"ஊசி குத்தியிருக்குக்கா, நூல் சுத்தியிருக்கு" என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து சொன்னான்.

"அப்படியா" என்றாள் அக்கா. "அப்ப சரி. மேசையை உடைக்க வேண்டாம்."

இரண்டாவது ஸ்கேனில் கசிவு பெரிதாகவில்லை என்றார்கள். அறுவை சிகிச்சை வேண்டியிருக்கவில்லை. உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது, கைதான் எப்போது வரும் என்று தெரியாது என்றாள் டாக்டரம்மா. மெத்தைக்காரர் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பேச ஆரம்பித்தார். டாக்டரம்மா வந்து நின்றிருந்த நேரத்தில் நோண்டி கேட்டான்.

"அத்தான், அன்னைக்கு வாடை வந்துச்சா?"

"வந்துச்சு. ரப்பரு."

"அப்புறம்?"

"அப்புறம் உன் மூஞ்சி. வேன்ல. ரொட்டி வாசனை."

டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். கேள்வி ஒன்று தீர்ந்ததில் அவளுக்கும் அவனுக்கும் ஒரே மாதிரி முகம் மலர்ந்தது.

மழைக்காலம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தார். தரையில் உட்கார முடியவில்லை. அக்காவே மேசையருகில் ஒரு உயரமான நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீச்சரம்மாவின் மெத்தை பாதியில் நின்றது நின்றபடி மேசை மேல் கிடந்தது. அவசரமில்லை, அவர் கையாலேயே முடியட்டும் என்று டீச்சரம்மாவே சொல்லியிருந்தாள். யாரும் அதைத் தொடவில்லை. மெத்தைக்காரர் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் ஊசியைத் தொட்டார். தொட்டவர் நிறுத்திக்கொண்டார்.

"இதை யாரு சுத்தினது?"

"நீங்கதான் அத்தான். அன்னைக்கு, வாடை வந்ததும்."

"நான் இல்லை. நான் எட்டு போடுவேன். இது வளையமா இருக்கு." வார்த்தையைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார். "இது உங்கக்கா சுத்து."

நோண்டி குனிந்து பார்த்தான். ஆமாம். மெத்தைக்காரர் எப்போதும் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக எட்டுப் போட்டுத்தான் சுற்றுவார். இது சின்னச் சின்ன வளையமாக, அக்கா கொண்டை போடுகிற அழகில் இருந்தது. கண்ணுக்கு ஒரு தூசிகூடத் தப்பாத ஆள், அன்றைக்கு இதைப் பார்க்கவில்லை. பார்க்க அவனுக்குத் தைரியம் இருந்திருக்காது.

அக்கா சூப்புக் கிண்ணங்களோடு கதவருகில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அவனுக்குள் கேள்விகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. கடையைச் சாத்தப் போன அன்று இந்த ஊசி நூலில் தொங்கிக்கொண்டிருந்ததா? தொங்கியிருந்தால் அத்தானுக்குச் சுற்ற நேரம் கிடைக்கவில்லை, நின்ற இடத்திலேயே விழுந்திருக்கிறார். தொங்குகிற ஊசியைப் பார்த்ததும் வீட்டுச் சட்டப்படி கை தன்னால் சுற்றிவிட்டதா? இல்லை, சோறு தண்ணீர் இல்லாமல் பெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த தம்பி போய்ப் பார்க்கட்டும் என்றே சுற்றி வைத்தாளா? தலையில் வீக்கம் இல்லை, ரத்தம் ஆழத்தில்தான் இருந்தது, டாக்டரம்மா சொன்னது சொன்னதுதான். ஆனால் அவள் சத்தியம் பண்ணவில்லையே.

"என்னடா, என்னமோ கேக்க வந்தே?" என்றாள் அக்கா. கிண்ணத்தை அவனிடம் நீட்டினாள். "கேளு."

வார்டு வாசலில் அவளிடம் தான் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. அப்பவே வந்திருந்தாலும் இதேதானாம். அவளும் அதை அன்றைக்கு நோண்டிக் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லை" என்று கிண்ணத்தை வாங்கிக் குடித்தான். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டரம்மா சொன்னதிலிருந்து அந்த வீட்டில் உப்பு பேருக்குத்தான்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"உப்பில்லாத சூப்பு நல்லா இருக்காம்" என்று மெத்தைக்காரர் வாயின் இடப்பக்கத்தால் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். ஊசியில் சுற்றியிருந்த நூலை வளையம் வளையமாகப் பிரித்து எடுத்தாள். பிறகு ஊசியை உருவி, கணவனின் இடது கையில் கொடுத்தாள்.